குடும்பம் என்றால் கணக்கு கிடையாதா?

கேள்வி: தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்து விலகினேன். பணிக்கொடை கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம், கணக்குப் பார்க்கலாமா டீச்சர்?" என்கிறார் தாளாளர். பக்கத்துப் பள்ளியில் கேட்காமலே தருகிறார்கள். ஏன் இப்படி?
– ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: சட்டம் இரண்டு பள்ளிக்கும் ஒன்றுதான். 2009-ஆம் ஆண்டுத் திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் பணிக்கொடைக்கு உரியவர்களாக்கியது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்.

மாறுவது தலைமைதான். நியமன ஆணை, சம்பளப் பதிவேடு எல்லாம் ஒழுங்காக இருக்கும் பள்ளியில் பணிக்கொடை தருவது அலுவலக நடைமுறை. எல்லாமே வாய்ப்பேச்சாக நடக்கும் பள்ளியில் உரிமை சலுகையாகிவிடும், கேட்பவர் நன்றி கெட்டவராகிவிடுவார். பதிவுத் தபாலில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையை அணுகுங்கள்.