லினக்ஸில் சத்தம் வரவில்லையா? – ஒரு செய்முறைப் பாடம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் எட்டு, பத்து வருடப் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐயோ பல பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை. ஆகவே மகனோ மருமகனோ விடுமுறையில் வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். படம் தெரிகிறது, இணையம் வேலை செய்கிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. "சவுண்ட் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் நாமும் நம்பிவிடுகிறோம்.

இதைச் சின்ன விஷயமென்று விடுவதற்கில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் காது வழியாகத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. வலி, வளி, வழி என்று மூன்று சொற்களை எழுதிக் காட்டலாம். அவற்றின் வித்தியாசத்தை ஒலித்துத்தான் காட்ட முடியும். வீட்டில் உள்ள பொறி ஊமையானால் அந்தப் பாடம் நின்றுவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் சவுண்ட் கார்டைத் தூக்கி எறிவதால் பணமும் நஷ்டம்.

சத்தம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். அது நான்கு நிலையங்களைக் கடந்து வருகிறது. முதலாவது, பாட்டை இசைக்கும் மென்பொருள். இரண்டாவது, ஒலிச் சேவையகம். பல மென்பொருள்களின் சத்தத்தை ஒன்றாகக் கலந்து, எந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது இதன் வேலை. பல வருடங்கள் பல்ஸ் ஆடியோ இதைச் செய்தது. 2017-இல் அறிமுகமான பைப்வயர் இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. மூன்றாவது, லினக்ஸின் கருவிலேயே உள்ள ஆல்சா என்னும் இயக்கி. செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசேலா 1998-இல் தொடங்கிய இத்திட்டம், 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 முதல் முறையான ஒலி அமைப்பாக இருந்துவருகிறது. நான்காவது, சவுண்ட் கார்டும் அதில் செருகிய ஸ்பீக்கரும். இன்று பெரும்பாலான பொறிகளில் இது தனி அட்டையாக இல்லாமல் மதர்போர்டிலேயே ஒரு சிறு சில்லாக அமைந்திருக்கும்.

ரயில்வே சிக்னல் கேபிளில் பழுது வந்தால் முழு நீளத்தையும் தோண்டிப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து சோதிப்பார்கள். அங்கே மின்சாரம் வந்தால் பழுது அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். ஒரே சோதனையில் பாதி தூரம் கழிந்துவிடும். இங்கும் அதே முறைதான். எடுத்தவுடன் லினக்ஸை அழித்து மறுபடி போடவேண்டாம்.

படி 1: வெளியே உள்ளவை. ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் நல்லது. பிறகு கணிப்பொறியின் பின்புறம் பச்சை நிறத் துளையில் செருகுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு.

படி 2: நடுப் பெட்டியைத் திறப்போம். டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஏபிளே' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதாவது ஏ என்ற எழுத்தையும் பிளே என்ற சொல்லையும் சேர்த்துச் சிறிய எழுத்துகளில். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, சிறிய எல். எண்டர் விசையை அழுத்தினால் லினக்ஸ் கண்டுகொண்ட கார்டுகளின் பட்டியல் வரும். பட்டியல் வந்தால் படி 4-க்குப் போங்கள். 'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபௌண்ட்' என்று வந்தால் படி 3.

படி 3: கார்டே தெரியவில்லை என்றால். எல், எஸ் என்ற இரு எழுத்துகளோடு பி.சி.ஐ. என்பதையும் இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டுங்கள். மதர்போர்டில் உள்ள சாதனங்கள் வரிசையாக வரும். அதில் 'ஆடியோ' என்ற சொல்லே இல்லையென்றால் பொறியை அணைத்துப் போட்டு பயாஸ் அமைப்புக்குள் போய், மதர்போர்டின் ஆடியோ முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கிய பிறகும் தெரியவில்லை என்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். மாறாக, இங்கே ஆடியோ சாதனம் இருந்து முந்தைய பட்டியலில் மட்டும் இல்லையென்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, இயக்கிதான் குறை. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில், ஒலிச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் இல்லாததால் இப்படி ஆகும். 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பை நிறுவி, லினக்ஸைப் புதுப்பித்து, மறுபடி துவக்குங்கள்.

படி 4: பூட்டியிருக்கும் கதவுகள். ஆல்சா, மிக்சர் என்ற இரு சொற்களையும் ஒன்றாகத் தட்டினால் திரையில் தூண்கள் எழும். ஒரே ஒரு தூண் மட்டும் தெரிந்தால் அது ஒலிச் சேவையகத்தின் தூண். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், ஃப்ரண்ட் என்ற பெயர்களில் தூண்கள் வரும். தூணின் அடியில் எம் என்ற எழுத்து இரண்டு முறை இருந்தால் அந்த வழி பூட்டியிருக்கிறது என்று பொருள். அங்கே நின்று எம் விசையை அழுத்தினால் திறக்கும். மேல் அம்பு விசையால் அளவை உயர்த்துங்கள். 'ஆட்டோ மியூட்' என்று ஒன்று இருந்தால் அதையும் கவனியுங்கள். ஹெட்ஃபோன் செருகியவுடன் ஸ்பீக்கரை நிறுத்துவது அதன் வேலை. துளையில் உள்ள சிறு தகடு வளைந்துவிட்டால், ஹெட்ஃபோன் இல்லாதபோதும் இருப்பதாக எண்ணி ஸ்பீக்கரை அடக்கிவிடும். அதை 'டிசேபிள்ட்' என்று மாற்றுங்கள். வெளியேற எஸ்கேப் விசை.

படி 5: தவறான தடம். பெரும்பாலான பொறிகளில் இரண்டு ஒலி வழிகள் உண்டு. ஒன்று பச்சைத் துளை. மற்றொன்று மானிட்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. லினக்ஸ் சத்தத்தை அந்த வழியில் அனுப்பினால் நமக்கு ஒன்றும் கேட்காது. அமைப்புகளில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய், 'அவுட்புட்' பட்டியலில் எச்.டி.எம்.ஐ.-யை விட்டு 'லைன் அவுட்' அல்லது 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'டம்மி அவுட்புட்' மட்டும் இருந்தால், சேவையகத்தின் கைக்கு எந்தக் கார்டும் வரவில்லை என்று பொருள். படி 2-க்குத் திரும்புங்கள். அங்கே பட்டியல் ஒழுங்காக வந்தால் பொறியை ஒருமுறை மறுபடி துவக்கிப் பாருங்கள்.

படி 6: இறுதிச் சோதனை. டெர்மினலில் ஸ்பீக்கர் என்று தட்டி, இடைவெளி விடாமல் ஒரு சிறு கோடு, அதையொட்டி டெஸ்ட் என்று தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, சிறிய சி, 2 என்ற எண். இடமும் வலமும் மாறி மாறி இரைச்சல் கேட்க வேண்டும். நிறுத்த கன்ட்ரோல் விசையோடு சி. இரைச்சல் கேட்டும் பாட்டு கேட்கவில்லை என்றால் கீழே உள்ள மூன்று நிலையங்களும் சரி. பாட்டை இசைக்கும் மென்பொருளிலேயே, அல்லது பிரௌசரின் அந்தத் தாவலிலேயே, ஒலி அடக்கப்பட்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 1990-களில் எழுதப்பட்ட குறிப்புகள் ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1 என்று எண்களைக் கையால் கொடுக்கச் சொல்லும். அன்றைய சவுண்ட் பிளாஸ்டர் போன்ற அட்டைகளுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய கார்டுகளை லினக்ஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும். பழைய குறிப்பை நம்பிக் கோப்புகளைத் திருத்தினால் வேலை செய்வதும் நின்றுபோகலாம்.

பயிற்சி: சத்தம் வந்த பிறகு குழந்தையை அருகில் உட்கார வைத்து மைக்கைச் செருகுங்கள். அதே ஆல்சா மிக்சரில் எஃப்4 விசையை அழுத்தினால் பதிவுத் தூண்கள் வரும். 'கேப்சர்' தூணில் நின்று இடைவெளி விசையை அழுத்தினால் பதிவு வழி திறக்கும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் வலி, வளி, வழி என்ற மூன்று சொற்களையும் கைப்பேசியில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். குழந்தை அதைக் கேட்டுத் தானும் சொல்லிப் பதிவு செய்யட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், எந்த எழுத்தில் நாக்கு இன்னும் மடியவேண்டும் என்பது குழந்தைக்கே தெரிந்துவிடும்.