பாராமோட்டாரில் பறக்க ஆசையா? சில பயனுள்ள குறிப்புகள்

பாராமோட்டார் ஆசை வந்தவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த இன்ஜின் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைத்தால் பணமும் மிஞ்சும், எலும்பும் தப்பும். தலைக்கு மேல் துணி இறக்கை, முதுகில் புரொப்பெல்லரோடு ஒரு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஓடி ஏற ஒரு வெட்டவெளி என்று பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். எளிமையாக இருப்பதால்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

1. முதலில் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள், அடுத்து இறக்கை வாங்குங்கள், இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருவியை வாங்கிவிட்டுப் பள்ளி தேடுகிறவர்கள், தங்கள் எடைக்குப் பொருந்தாத இறக்கையோடு வந்து நிற்பது சகஜம். கற்றுக்கொடுப்பவரே ஏதாவது ஒரு கம்பெனியின் விற்பனையாளராகவும் இருப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள். சம்பந்தமில்லாத இன்னொரு பைலட்டிடமும் விசாரியுங்கள்.

2. இன்ஜின் இல்லாமல், இறக்கையை மட்டும் தலைக்கு மேல் நிறுத்திப் பழகுவதை 'கிரவுண்ட் ஹேண்ட்லிங்' என்பார்கள். கடற்கரையிலோ வெறும் மைதானத்திலோ செய்யலாம், பெட்ரோல் செலவு கிடையாது. வெயிலில் வியர்த்து வழிய இதைச் செய்யப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. டேக்-ஆஃபில் முகங்குப்புற விழுந்து புரொப்பெல்லரை உடைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இதில் சோம்பல் பட்டவர்கள்தான்.

3. இறக்கையின் அளவை உங்கள் உடம்பு எடையை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உடம்பு 72 கிலோ, இன்ஜின் 27, பத்து லிட்டர் பெட்ரோல் ஏழரை, ஹெல்மெட், ஷூ, ரிசர்வ் பாராசூட் எல்லாம் சேர்த்து 5, இறக்கை ஐந்தரை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 117 கிலோ. இறக்கையில் ஒட்டியிருக்கும் லேபிளில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும். உங்கள் மொத்தம் அதற்குள் வர வேண்டும். அந்த வரம்பில் இறக்கையின் எடையும் சேர்த்தியா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன இறக்கை வேகமாகப் போகும், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே வேகத்தில் உங்களையும் ஓட வைக்கும். அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தால் காற்று குலுக்கும்போது விறைப்பில்லாமல் மடங்கப் பார்க்கும்.

4. ஐரோப்பியத் தரச்சான்றில் இறக்கைகளை ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். 'ஏ' வகை மடங்கினாலும் பெரும்பாலும் தானே நிதானத்துக்கு வந்துவிடும். 'டி' கைதேர்ந்தவர்களுக்கு. புதியவருக்கு 'ஏ', மிஞ்சிப்போனால் சாதுவான 'பி'. நண்பர் மலிவாகத் தருகிறார் என்று அவருடைய பழைய 'சி' வகையை வாங்கி வராதீர்கள்.

5. பாராமோட்டாருக்கென்றே வரும் 'ரிஃப்ளெக்ஸ்' இறக்கைகளில் இறக்கையின் சாய்வை மாற்றும் டிரிம்மர் பட்டையைத் திறந்துவிட்டால் வேகமும் உறுதியும் கூடும். ஆனால் அந்த நிலையில் பிரேக் கயிற்றை ஆழமாக இழுப்பது பல மாடல்களில் ஆபத்து. நுனிக் கயிற்றால்தான் திரும்ப வேண்டும். இது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

6. இப்போது இன்ஜின். இத்தாலியில் தயாராகும் விட்டோராசி மோஸ்டர் 185 போன்றவை சுமார் 25 குதிரைத்திறன் தரும். எடை கூடிய ஆட்களுக்கு அது தேவை. மெலிந்த உடம்புக்காரர்களுக்கு 80 சிசி போதும், முழங்காலும் வாழ்த்தும். தேவைக்கு மேல் விசை இருந்தால், முழு த்ராட்டில் கொடுக்கும்போது புரொப்பெல்லர் சுழலும் திசைக்கு எதிராக ஆளையே முறுக்கிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கும் அதிகமாக இழுத்திருந்தால் இறக்கை சுழன்று விழும். குதிரைத்திறனை விட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: உதிரி பாகம் எத்தனை நாளில் கைக்கு வரும்?

7. இந்த விளையாட்டில் பெரிய ஆபத்து வானத்தில் இருப்பதாக நினைக்கிறோம். அமெரிக்காவில் பதிவான 384 விபத்து அறிக்கைகளை ஆராய்ந்து 2014-ல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதிகமாக அடிபட்டிருந்தது கைகளில். மோசமான காயங்களுக்கு முக்கியக் காரணம், சுழலும் புரொப்பெல்லர் உடம்பில் படுவது. இது பெரும்பாலும் தரையிலேயே, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நடக்கிறது. த்ராட்டில் சிக்கியிருந்தால் இன்ஜின் எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்குப் போய், சட்டத்தோடு உங்கள் மேல் பாயும். தடுக்கக் கை தானாக நீளும், புரொப்பெல்லரைச் சுற்றியுள்ள கூண்டின் வலைக்குள் போகும். அதனால்:
கூண்டு வாங்கும்போது, நீட்டிய கை வலையோடு சேர்ந்து புரொப்பெல்லர் வரை போகாதபடி உள்ளே தடுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தவரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தரையில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பாய்ந்து வந்தாலும் தாங்கும்படி சட்டத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று தினமும் சோதியுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளையும் நாயையும் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். துப்பட்டா, கேமரா வார், பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கர்ச்சீஃப் எதுவும் கூடாது. இன்ஜினில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

8. உடம்பை இறக்கையோடு பிணைக்கும் ஹார்னஸை மாட்டும்போது கால் வார்களை முதலில் பூட்டுங்கள், கழற்றும்போது கடைசியில் அவிழுங்கள். கால் வார் பூட்டாமல் மேலே போனவர்கள் அக்குளில் தொங்கி, கீழே நழுவி இறந்திருக்கிறார்கள். நடுவில் போன் வந்தால், எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

9. விடிந்தவுடன் இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். புதியவருக்கு வானம் அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மேல் தரை சூடேறி, காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிடத் தொடங்கினால் நீங்கள் கீழே இருக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். தரையில் இலை அசையாவிட்டாலும் மேலே காற்று பலமாக இருக்கலாம். பெரும்பாலான இறக்கைகளின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டித்தான். எதிர்க்காற்றும் 40 என்றால் நீங்கள் அந்தரத்தில் நிற்பீர்கள், பெட்ரோல் மட்டும் தீரும். மரவரிசைக்கும் கட்டடத்துக்கும் பின்புறம் காற்று சுழன்று புரளும், அந்தப் பக்கம் இறங்காதீர்கள்.

10. மின்கம்பி வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு என்று முடிவு கட்டுங்கள். பம்ப்செட்டுக்கு ஒற்றைக் கம்பத்திலிருந்து இழுத்த கம்பி இன்னும் மோசம். வீடியோவுக்காக வயலை உரசிப் பறப்பது அழகுதான், ஆனால் முன்தினம் அந்த வயலை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

11. இன்ஜின் நிற்கும் என்று எதிர்பார்த்தே பறங்கள். 2007-ல் தொலைக்காட்சி சாகசக்காரர் பியர் கிரில்ஸும் கிலோ கார்டோசோவும் பாராமோட்டாரில் எவரெஸ்ட் பக்கம் உயரப் பறந்தார்கள். அந்த இன்ஜினை உருவாக்கிய கார்டோசோவுக்கே நடுவானில் கோளாறு வந்து, பாதியில் இறங்க வேண்டியதாயிற்று. இன்ஜின் நின்றால் இறக்கை உங்களை மெதுவாகக் கீழே கொண்டுவரும், அவ்வளவே. 100 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தூரத்துக்குள் இறங்க ஓர் இடம் எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும்.

12. ஏரி, கடல், ஆற்றுக்கு மேல் தள்ளிப் போகாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் முதுகோடு அழுத்தும், கயிறுகள் காலைச் சுற்றும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்பாமல் போகலாம். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் மிதவைகள் ஹார்னஸில் பொருத்தக் கிடைக்கின்றன. கடலோரத்தில் பறப்பவர்களுக்கு அது கட்டாயம் என்பேன். வார் அறுக்கும் கொக்கிக் கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

13. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி 2டி ஆயில் என்றால் 2 சதவீதம், 125 மில்லி என்றால் இரண்டரை. எது என்று இன்ஜின் கையேடு சொல்லும். ஸ்கூட்டருக்கு ஊற்றும் சாதா ஆயில் வேண்டாம். அதிவேக இன்ஜினுக்கான சிந்தெடிக் ரகம் வாங்குங்கள். நம் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் சவ்வையும் குழாய்களையும் கெடுக்கும். பறந்து முடித்ததும் டேங்க்கை வடித்துவிடுங்கள், மாதக்கணக்கில் கலந்து வைக்காதீர்கள்.

14. இறக்கையை மடிக்கும் முன் உள்ளே வெட்டுக்கிளி இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். மாட்டிக்கொண்டது துணியைக் கடித்து வெளியே வரும். வாஷிங் மெஷின், சோப்புத்தூள், அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஆகாது. உப்புக்காற்றோ மணலோ பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் துணியின் ஆயுளைத் தின்னும். பறக்காத நேரத்தில் விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எலி நடமாடும் பரணும், வெயிலில் நிற்கும் கார் டிக்கியும் வேண்டாம். ஆண்டுக்கொருமுறை துணியின் காற்றுப்புகாத் தன்மையையும் கயிறுகளின் நீளத்தையும் பரிசோதிக்கக் கொடுங்கள்.

15. ரிசர்வ் பாராசூட் இல்லாமல் பறக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்து மடிக்க வேண்டும். கைப்பிடி எங்கே என்று பார்க்காமல் தொட்டுப் பழகுங்கள். 2012-ல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உயிரோடு வந்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் பாராமோட்டார் விபத்தில்தான் இறந்தார். அனுபவம் யாருக்கும் விதிவிலக்கு தருவதில்லை.

16. சுற்றுலா இடத்தில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு போகிறவரா? ஹெல்மெட் தருகிறார்களா, ரிசர்வ் இருக்கிறதா, ஓட்டுபவருக்கு இருவர் பறக்கும் பயிற்சிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் ஏறாதீர்கள்.

17. கோழிப்பண்ணை, மாட்டுத் தொழுவம், வீட்டுக்கூரைக்கு மேல் வட்டமடிக்க வேண்டாம். ஊர்க்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் அந்த மைதானம் எல்லாருக்கும் போய்விடும்.

18. அமெரிக்காவில் ஒருவர் மட்டும் பறக்கும் பாராமோட்டாருக்கு 1982-ல் வந்த விதிப்படி லைசென்ஸ் தேவையில்லை. பகலில் மட்டும், ஊர் கூடும் இடங்களைத் தவிர்த்துப் பறக்கலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே கிளம்பாதீர்கள். நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் உண்டு. விமான நிலையம், ராணுவ இடம், அணுமின் நிலையம் பக்கம் நெருங்கக் கூடாது. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி டெல்லி போலீஸ் ட்ரோனோடு பாராமோட்டாருக்கும் தடை போடுவது வழக்கம். உங்கள் ஊரில் அப்படி எதுவும் இருக்கிறதா என்று, பறப்பதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டு, அனுமதியைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.