சும்மா கிடைத்த டிரம்

லயத்துக் குசினிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு நீல டிரம் நிற்கும், அதில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். "எங்கேயிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டால், "மகன் பேக்டரியிலேருந்து கொண்டாந்தான், சும்மா குடுத்தாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். கிள்ளான், காப்பார், ஷா ஆலாம் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பேக்டரிக்குப் போகிறார்கள். ஆகவே இது பழகிப்போன விஷயம். ஆனால் அந்த டிரம்மில் முதலில் என்ன வந்தது என்று கேட்டீர்களா?

சமையல் எண்ணெய் வந்த டிரம் வேறு. ரசாயனமோ, பூச்சிமருந்தோ, இயந்திர எண்ணெயோ வந்த டிரம் காலியானாலும் அது கழிவுதான். இதை நாம் சொல்லவில்லை, சட்டம் சொல்லுகிறது. 1974-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-ல் வந்த விதிகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன. மலாயில் 'புவாஙான் தெர்ஜாடுவல்' என்பார்கள். அதில் எஸ்.டபிள்யூ. 409 என்ற எண்ணில் இந்த அழுக்கான டிரம், பை, சாமான்கள் எல்லாம் வருகின்றன.

இப்படிப்பட்ட கழிவை உண்டாக்கும் முதலாளி அதைச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். லேபல் ஒட்டி, தேதி எழுதி, கணக்கு வைக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதைத் தொட்டு வேலை செய்யும் தொழிலாளிக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஆக, "எடுத்துட்டுப் போப்பா" என்று உங்கள் மகனிடம் சொன்னவர் தர்மம் செய்யவில்லை. தன் செலவை உங்கள் வீட்டில் இறக்கிவிட்டார்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டோம்" என்பீர்கள். பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய விஷம் இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்பார். லேபலைத்தான் நாம் சுரண்டிக் கழுவிவிட்டோமே!

தின்னர் மாதிரி எரியும் சரக்கு வந்த டிரம்மானால் இன்னொரு ஆபத்து. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் மோசம். அடியில் மிஞ்சியது ஆவியாகி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும். வெல்டிங் பொறி ஒன்று பட்டால் போதும், வெடித்துவிடும். அடுப்பு செய்யவோ, கோழிக் கூண்டு செய்யவோ அதை வெட்டாதீர்கள்.

ஆற்றில், அல்லூரில் கொட்டலாமா? 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால் நான்கு தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம்மில் கொட்டியதால் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

மருந்து அடிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. டின் காலியானதும் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்றுங்கள். பிறகு டின்னில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். ஓட்டை போடுவது யாரும் வீட்டுக்குக் கொண்டு போகாமல் இருக்கத்தான்.

ஏற்கெனவே வீட்டில் டிரம் இருந்தால் எரிக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். தண்ணீர் பிடிப்பதை இன்றே நிறுத்தி, மூடி போட்டு, பிள்ளைகள் கைபடாமல் வெளியே வைத்து, கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். கொடுத்த கம்பெனியே திரும்ப எடுத்துப் போகும்படி அவர் பேசட்டும்.

குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் டிரம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1990-ம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் சொல்லுகிறது. உங்கள் லயத்தில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று தேதி போட்டு எழுதி, அதையும் கிளைத் தலைவரிடம் கொடுங்கள்.