மாத்திரையும் இல்லற வாழ்வும்: கூச்சத்தால் மருந்தை நிறுத்தாதீர்கள்



வீட்டில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். பிரஷருக்கோ வேறு நோய்க்கோ மாத்திரை தொடங்கிய பிறகு சில ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம், விறைப்பு தளரலாம், விந்து வெளியாவதில் மாற்றம் வரலாம். சிலர் இதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதமோ மாரடைப்போ வரும்போதுதான் குடும்பத்துக்குத் தெரியவரும்.

எந்த மருந்துகள்?

இரத்த அழுத்தம்: அட்டெனோலால், ப்ராப்ரனோலால் போன்ற பழைய மருந்துகள், சிறுநீரை அதிகமாக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஸ்பைரோனோலாக்டோன்.

மனச்சோர்வு, பதற்றம்: செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின். இவை நாட்டத்தைக் குறைக்கலாம். விந்து வெளியாவதைத் தாமதப்படுத்தலாம்.

மனநோய்: ரிஸ்பெரிடோன்.

புரோஸ்டேட் வீக்கம்: ஃபினாஸ்டெரைடு (முடி உதிர்வுக்கும் தருவார்கள்), டாம்சுலோசின். டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கு விந்து குறைவாகவோ வெளிவராமலோ போகலாம். இதனால் உடலுக்குக் கேடில்லை. குழந்தைக்கு முயல்பவர் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவற்றைச் சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை.

மாத்திரைதான் காரணமா?

சர்க்கரை நோய், பிரஷர், புகைப் பழக்கம், மனக்கவலை ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் அடைப்பின் அறிகுறி அங்கே முதலில் தெரியலாம். நெஞ்சுவலி பிறகு வரலாம். ஆகவே மாத்திரை தொடங்கிய தேதியையும் தொல்லை தொடங்கிய தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

என்ன செய்ய வேண்டும்?

1. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டெனோலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கக்கேடும் வரலாம். பழைய நோயும் திரும்பலாம்.

2. மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "டாக்டர், இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இல்லற உறவில் சிரமமாக இருக்கிறது. வேறு மாத்திரை தர முடியுமா?" வாய் வராவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பிரஷருக்கு லோசார்டன், டெல்மிசார்டன், அம்லோடிபின் போன்றவை பெரும்பாலும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. மனச்சோர்வுக்கும் மாற்று உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

3. விளம்பரத்தைப் பார்த்து லேகியமோ, கடையில் கேட்டு சில்டெனாஃபில் மாத்திரையோ வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு சில்டெனாஃபில் உயிருக்கே ஆபத்து. பிரஷர் திடீரென்று இறங்கிவிடும். "மூலிகை" என்று விற்கும் பொருள்களிலும் சில்டெனாஃபிலைக் கலந்து விற்றது பிடிபட்டிருக்கிறது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கணவர் விலகி இருந்தால் அன்பு குறைந்துவிட்டது என்று உடனே எண்ணிவிடாதீர்கள். சமீபத்தில் புது மாத்திரை தொடங்கினாரா என்று பாருங்கள். கடிந்துகொள்ளாமல் கேளுங்கள், அவர் சம்மதித்தால் மருத்துவரிடம் கூடவே போங்கள்.

வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் வைத்தியத்துக்காக மருத்துவரிடம் உள்ளதைச் சொல்வது வெட்கக்கேடு ஆகாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.