ஆட்டிசமுள்ள குழந்தைகளுக்கு எளிய துணைக் கருவிகள்

ஊர் முன்னேற்றம் என்றவுடன் சாலையும் கிணறும் பள்ளிக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரிலேயே, ‘தண்ணீர் வேண்டும்’ என்று கேட்கவும் வாய் வராத சில குழந்தைகள் இருப்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ஆட்டிசம் என்னும் நிலையுள்ள குழந்தைகளுள் பலர் இத்தகையோர்.

1943இல் லியோ கான்னர் என்னும் மருத்துவர் இந்நிலையை விரித்துரைத்தார். இது மூளை வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடு. தாயின் வளர்ப்புக் குறையாலோ, தெய்வக் குற்றத்தாலோ, தடுப்பூசியாலோ வருவதன்று. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டாமை, கற்ற சொற்களை இழத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இதை அடியோடு போக்கும் மருந்து எதுவும் இல்லை. உண்டு என்று கூறிப் பணம் கேட்போரிடம் ஏமாறலாகாது. குழந்தையின் அன்றாட வாழ்வை எளிதாக்கும் கருவிகளோ பல உண்டு. அவற்றுட் சில வீட்டிலேயே செய்யத்தக்கவை.

சென்னை மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். பட்டணத்துக்குள் இருந்தபோதிலும், தொழிலாலும் உறவுமுறையாலும் அது ஒரு மீனவக் கிராமமே. ஒருபுறம் சாலை இரைச்சலும் மீன் அங்காடியின் கூச்சலும், மறுபுறம் கடல். அங்கே பேச்சு வராத நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். அவனுக்கு வேண்டுவன யாவை?

1. பட அட்டை: சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி என ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தை அட்டையில் ஒட்டிக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். அவன் வீட்டுக் குவளை, தந்தையின் படகு என, அவன் நாள்தோறும் காணும் பொருள்களின் படங்களே சிறந்தவை. முதலில் அவனுக்கு மிகப் பிடித்த பொருளின் அட்டை ஒன்றே போதும். அதை அவன் நீட்டியவுடன், பெயரைச் சொல்லிக்கொண்டே அப்பொருளைத் தர வேண்டும். அட்டை கொடுத்துப் பொருள் பெறும் இம்முறையை 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி பிராஸ்டும் வகுத்தனர். படம் காட்டினால் பேச்சு வராது போகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வாறு நேர்வதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன.

படத்தைத் தொட்டால் குரல் எழுப்பும் ‘ஆவாஸ்’ என்னும் கருவி சென்னையிலேயே உருவாயிற்று. கோட்டூர்புரத்திலுள்ள வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளுடன் பழகி, அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் அதனை அமைத்தார். இன்று அது கைப்பேசியிலும் தமிழில் பேசுகிறது. அதை வாங்கும் வசதி வரும்வரை காத்திராமல், அட்டையை இன்றே தொடங்கலாம்.

2. நாள் வரிசை: எழுதல், பல் துலக்கல், அங்கன்வாடி, உணவு, உறக்கம் ஆகியவற்றின் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததைத் திருப்பி வைக்க வேண்டும். அடுத்து என்ன நிகழும் என்பது தெரிந்தால் அச்சமும் அழுகையும் குறையும்.

3. அமைதிக்குத் துணை: இரைச்சல் இக்குழந்தைகள் பலரைப் பெரிதும் வருத்தும். தொழிற்சாலைகளில் அணியும் காதுமூடி நல்ல பயன் தரும். நம் பாட்டிமார் கட்டிய சேலைத் தூளியின் ஆட்டமும் சில குழந்தைகளை அமைதிப்படுத்தும். வலுவான உத்தரத்தில் கட்டி, பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

4. உயிர்க்காப்பு: இதுவே தலையாயது. ஆட்டிசமுள்ள குழந்தைகள் பலர் சொல்லாமல் வெளியேறிவிடுவர். நீர்நிலைகள் அவர்களை மிகவும் ஈர்க்கும். அவ்வாறு வெளியேறும் குழந்தைகளின் உயிரிழப்புக்கு நீரில் மூழ்குவதே முதன்மையான காரணம் என அமெரிக்க ஆய்வுகள் கூறுகின்றன. நொச்சிக்குப்பத்துக்குக் கடல் எப்படியோ, உங்கள் ஊருக்குக் கிணறும் ஏரியும் அப்படியே. கதவில் ஒரு மணி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை ஆகிய மூன்றும் சிறு செலவே. அண்டை வீட்டாரிடம் சொல்லி வைத்தலுக்கு அச்செலவும் இல்லை. குழந்தையைக் காணவில்லையெனில் முதலில் நீர்நிலையில் தேடுங்கள். கயிற்றால் கட்டிப் போடுதல் காவலாகாது, அது கொடுமை.

பஞ்சாயத்தின் கடமை: 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. ஐயமுள்ள குழந்தையை அவர்களிடம் காட்டி, மாவட்ட மையத்துக்கு அனுப்பச் செய்யலாம். முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனத்திலும் பயிற்சி கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. ஆதலால் அடையாள அட்டையும் பள்ளியில் இடமும் இக்குழந்தைகளின் உரிமை. அவற்றைப் பெற்றுத் தருவதோடு, திறந்து கிடக்கும் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதும் உறுப்பினர்கள் உடனே செய்யத்தக்க பணி.

ஓர் அட்டை, ஒரு மணி, ஒரு கைப்பட்டை: இவை எந்த ஏழைக் குடும்பத்துக்கும் எட்டுவன. அவற்றின் பயனை அக்குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.