பாடம்: பழைய கெப் வாகனமும் எஞ்சினின் சரியான சூடும்



1985 இல் கொத்மலை அணை திறக்கப்பட்டபோது பள்ளத்தாக்கின் வயல்கள் நீரில் மூழ்கின. அங்கிருந்தும், பின்னர் மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மரக்கறிச் செய்கையே பிழைப்பாயிற்று. கோவாவும் கரட்டும் வாடுமுன் சந்தை சேர வேண்டும். அதற்குப் பலர் நம்பியிருப்பது பழைய ஹைலக்ஸ், இசுசு, நிசான் கெப் ஒன்றையே. அதன் எஞ்சின் வெந்துபோனால் ஒரு போகத்தின் உழைப்பும் அதோடு போய்விடும். ஆகவே இப்பாடத்தில் எஞ்சினின் சூட்டைப் பற்றிப் படிப்போம்.

எவ்வளவு சூடு சரி?

எஞ்சினுக்குச் சூடு பகையல்ல. அளவு தவறிய சூடே பகை. இவ்வகை வாகனங்களில் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. மீட்டரின் முள் நடுப்பகுதியில் நிற்கும். அதற்கு மேலே போனால் ஹெட் கேஸ்கட் எரியும், சிலிண்டர் ஹெட் வளையும். மிகக் கீழே இருந்தால் டீசல் முழுமையாக எரியாது. புகை கூடும், எண்ணெய் அழுக்காகும், சிலிண்டர் விரைவில் தேயும்.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

வயலில் வக்கடையைத் திறந்தும் அடைத்தும் நீரை அளவாக வைக்கிறோம் அல்லவா? தெர்மோஸ்டாட் எஞ்சினின் வக்கடை. அதனுள்ளே ஒருவகை மெழுகு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மூடியிருக்கும். நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த சூடு வந்ததும் மெழுகு விரிந்து வாயிலைத் திறக்கும். நீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். திறக்கத் தொடங்கும் பாகை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 82, 88 என்பன பொதுவானவை.

கழற்றி எறியலாமா?

"இதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகாது" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இது தவறு. நுவரெலியாவின் குளிர்காலையில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும். றம்பொடை இறக்கத்தில் வரும்போது மறுபடியும் குளிர்ந்துவிடும். நாள்தோறும் டீசல் வீணாகும். இன்னொன்றும் உண்டு: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது குறுக்குவழி ஒன்றை அடைக்கிறது. அதைக் கழற்றினால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும். சூடு குறைய வேண்டிய எஞ்சின் ஏற்றத்தில் மேலும் சூடாகும்.

சூடு கூடுவதற்கு வேறு காரணங்கள் பல: நீர்க்குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், பழுதான மூடி. முதலில் இவற்றைப் பாருங்கள்.

மலையில் ஒரு விசேடம்

உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் மட்டத்தில், அதாவது ஏறத்தாழ 700 மீற்றரில், 98 பாகைக்குச் சற்றுக் கீழேயும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் சுமார் 1,400 மீற்றர் ஏற வேண்டும். எனவே ரேடியேட்டர் மூடி முக்கியமானது. 0.9 என்று பொறித்த நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து, கொதிக்கும் சூட்டை ஏறத்தாழ 20 பாகை உயர்த்தும். இறப்பர் வெடித்த மூடி இருந்தும் இல்லாததே.

நீங்களே சோதிக்கலாம்

1. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொடுங்கள். சில நிமிடம் குளிராக இருந்து, பின்பு சட்டென்று சூடானால் நல்லது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் அது திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் உச்சிக்குப் போயும் குழாய் குளிராக இருந்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம்.

2. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, சட்டியின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்குமுன் திறக்கத் தொடங்க வேண்டும்; ஆறியதும் மூட வேண்டும். நுவரெலியாவில் நீர் கொதித்தும் அது முழுதாக விரியாவிட்டால் உடனே பழுது என்று எண்ணாதீர்கள். முழுதாய்த் திறக்க 95 பாகை வேண்டியவையும் உண்டு.

3. பூட்டும்போது சுருள்வில் எஞ்சின் பக்கமும், காற்றுப்போகும் சிறுதுளை மேலேயும் இருக்கட்டும். புதிய கேஸ்கட் போடுங்கள்.

வழியில் கொதித்தால்

ஓரமாக நிறுத்திச் சில்லுக்குக் கல் வையுங்கள். நீர் வெளியேறிவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். பீறிடும் நீராவி முகத்தையும் கண்ணையும் அவித்துவிடும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, கையால் தொடக்கூடிய சூடு வந்த பின்னரே தடித்த துணியால் மெல்லத் திறவுங்கள். கொதிக்கும் எஞ்சினில் ஓடைக் குளிர்நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். மழைக்காலத்து ஓடைநீரில் வண்டலும் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு கான் சுத்தமான நீர் கொண்டுபோவது நல்லது.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்து வாகனங்களில் எத்தனையில் தெர்மோஸ்டாட் இருக்கிறது?
2. மூடி, பெல்ட், நீர்மட்டம் ஆகியவற்றை வாரந்தோறும் பார்ப்பது யார் பொறுப்பு?
3. பலர் சேர்ந்து பயன்படுத்தும் வாகனத்தின் பழுதுக்கென ஒவ்வொரு பயணத்திலும் சிறுதொகை ஒதுக்க முடியுமா?

நிலத்தை இழந்தவர்களுக்கு எஞ்சியிருக்கும் கருவி ஒவ்வொன்றும் பெறுமதியானது. ஒரு சிறிய வால்வைப் பேணுவது சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சின்ன வேலை, மரக்கறி சந்தைக்குப் போகும் வழியைக் காக்கிறது.