ஏஜென்சி நேர்காணல்: பதிலோடு கேள்வியும் தயாராகட்டும்

வளைகுடா வேலைக்காக ஏஜென்சி நடத்தும் நேர்காணலுக்குப் போகிறவர்கள் சான்றிதழ்களை அடுக்குவதிலும் பதில்களை மனப்பாடம் செய்வதிலுமே மூழ்கிவிடுகிறார்கள். வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு டிரேடு டெஸ்ட்டும் இருக்கும் என்பதால் அதற்கான பயிற்சி அவசியம்தான். ஆனால், எதிரில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, இடைத்தரகர். அவர் நம்மை எடைபோடுமுன் நாம் அவரை எடைபோட வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் முன்கூட்டியே சரிபாருங்கள். சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ, சுற்றுலா விசாவில் அனுப்புவதாகச் சொன்னாலோ விலகிவிடுங்கள்.

'இத்தனை கேட்டால் வேலை கைநழுவிவிடாதா?' என்ற தயக்கம் இயல்பானது. ஆனால், முதலாளி தரும் ஆள்தேவைக் கடிதமும் வேலை ஒப்பந்தமும் முறையான ஏஜென்சியிடம் இருந்தாக வேண்டியவை. இருப்பதைக் காட்ட யாரும் கோபப்பட மாட்டார்கள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், தங்குமிடம், உணவு, ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவை ஒப்பந்தத்தில் எழுத்தாக உள்ளனவா என்று பாருங்கள். 'தெரிந்த ஊர்க்காரர்தானே சேர்த்துவிடுகிறார்' என்பதும் பதிலாகாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். சம்பளம் நின்றுபோனால் அவருடைய வாய்மொழியைக் காட்டி வழக்காட முடியாது. கேள்வியால் கைநழுவும் வேலை, கைநழுவுவதே நல்லது.